கிழங்கு அடைத்த படகு

“ஜமால்! ஓடி வாரும்! தண்ணி!”

பஸ்தியாம்பிள்ளையின் வலது உள்ளங்கை படகின் அடித்தளத்தில் இருந்த ஒரு ஓட்டையை அழுத்திக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் நுழையும் அளவு ஓட்டை. அதன் வழியாகத் திருகோணமலை உள்துறைமுகம் முழுவதும் ‘அன்னம்மா’ என்ற அந்தப் படகுக்குள் ஏறி வந்துவிடத் துடித்தது. இடது கையில் அந்த ஓட்டையை மூடியிருந்த வால்வு, கைப்பிடியோடு. ஒரு நிமிடத்துக்கு முன்னர்தான் அதைத் திருப்பினார். சும்மா, இறுக்கம் பார்க்க. பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்துவிட்டது.

எஞ்சின் பெட்டிக்குள் தலைகீழாகக் கிடந்த ஜமால்தீன் முகமெல்லாம் கிறீஸோடு தவழ்ந்து வந்தார்.

“கைய எடுக்காதங்க அண்ணன்!”

“எடுத்தா நானும் போவன், படகும் போகும். விசர்க்கதை கதைக்காம அடைக்க எதையாவது கொண்டு வாரும்!”

“மரத்தக்கை எங்க?”

“றொஷான் கடையால வரேக்க கொண்டுவாறன் எண்டவன்!”

தண்ணீர் விரல் இடுக்குகளால் பீறிட்டது. பலகைத் தட்டு மிதக்கத் தொடங்கியது. ஜமால்தீன் சுற்றுமுற்றும் பார்த்தார். பாய்ச்சுருளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். மூலையில், பஸ்தியாம்பிள்ளையின் மனைவி ஞானமலர் பயணத்துக்கென்று காலையில் கொடுத்தனுப்பிய சாமான் சாக்கைப் பார்த்தார். அடுத்த கணம் சாக்குக்குள் கையை விட்டு ஒரு மரவள்ளிக்கிழங்கை இழுத்தெடுத்தார். நுனி ஒல்லி, அடி பருமன். தோளில் கிடந்த துண்டைக் கிழித்து அதன் மேல் சுற்றினார்.

“மூணு எண்ணுவன். மூணில எடுங்க.”

இரண்டிலேயே பஸ்தியாம்பிள்ளை எடுத்துவிட்டார். கடல் நேரே முகத்தில் அடித்தது. ஜமால்தீன் கண்ணை மூடிக்கொண்டு கிழங்கைச் செருகி, மரச்சுத்தியலால் நாலு அடி அடித்தார். ஐந்தாவது அடிக்குத் தண்ணீர் நின்றது.

இருவரும் இடுப்பளவு நனைந்து அப்படியே உட்கார்ந்தார்கள். பிறகு சிரிப்பு வந்தது. முதலில் ஜமால்தீனுக்கு.

“மலர் அக்காட கிழங்கு உசிரக் காப்பாத்திட்டு.”

“அவளிட்டச் சொல்லிப்போடாதையும். இனி ஒவ்வொரு நாளும் அதைத்தான் அவிப்பாள்.”

முப்பத்தொரு அடி நீளப் பாய்ப்படகு அது. ஐம்பது வயது. எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போய், பிறகு வரவேயில்லை. இழுவைப் படகில் மாலுமியாக முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற பஸ்தியாம்பிள்ளை ஏலத்தில் எடுத்தபோது அதற்குள் காகம் கூடு கட்டியிருந்தது. அதைப் படகாக்க ஆறு வருடம் எடுத்தது. பாய், கயிறு, பெயின்ற் பஸ்தியாம்பிள்ளையின் பகுதி. எஞ்சின், குழாய், வால்வு எல்லாம் கிண்ணியா ஜமால்தீனின் பகுதி. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை என்பது பேசாமலே எழுந்த ஒப்பந்தம். கை வைத்தால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும் அல்லவா?

இன்று பஸ்தியாம்பிள்ளை கை வைத்ததற்குக் காரணம் அவசரம்தான். நாளை மறுநாள் வியாழக்கிழமை விடியப் புறப்பாடு. மட்டக்களப்பு, பொத்துவில், அம்பாந்தோட்டை, காலி, நீர்கொழும்பு என்று கரையைப் பிடித்துக்கொண்டே போய், பங்குனித் திருவிழாவுக்கு மேற்குக் கரையில் தலவில் என்ற ஊரின் அன்னம்மாள் கோயிலடியில் பாய் இறக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஆடி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் அவர். கண்டியில் இருதயத்துக்குள் குழாய் வைத்து அனுப்பினார்கள். விழுந்ததற்கும் கண் முழித்ததற்கும் நடுவே என்ன நடந்ததென்று அவருக்குத் தெரியாது. கண் முழித்தபோது வாயில் வந்த பெயர் அன்னம்மாள். காற்றின் தயவில், பாய் விரித்து உன் வாசலுக்கு வருவேன் என்று அன்றே நேர்ந்துகொண்டார். வாடைக்காற்று அடங்குவதற்குள் தெற்கைச் சுற்றிவிட வேண்டும். அனுமதிக் கடிதத்தில் மூன்று பெயர்: பஸ்தியாம்பிள்ளை, மகன் றொஷான், ஜமால்தீன்.

இந்தத் தை மாதம் முழுக்க ஜமால்தீன் ஒரே பல்லவிதான் பாடினார். “ஒருக்கா மேல ஏத்திப் பாப்பம் அண்ணன்.” போன கிழமையும் கேட்டார், “ஒரு கிழமை பிந்துவம்.” பஸ்தியாம்பிள்ளை காதில் போட்டுக்கொள்ளவில்லை. படகைக் கரையேற்றினால் பங்குனி போய்விடும்.

றொஷான் வந்து சேர்ந்தபோது தண்ணீர் பாதி இறைத்தாகிவிட்டது. நிலாவெளியில் சுற்றுலாக்காரரைத் திமிங்கிலம் பார்க்கக் கொண்டுபோகும் படகோட்டி அவன், முப்பது வயது. வந்த வேகத்தில் வாளியைப் பிடுங்கிக்கொண்டான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. படகு கட்டும் ஜெட்டியில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். வலை தைத்துக்கொண்டிருந்த ஸப்வான் மேலே நின்று எட்டிப் பார்த்தான்.

“அண்ணன், கிழங்கு அவிஞ்சிட்டா சொல்லுங்க. சம்பல் நான் இடிச்சித் தாறன்.”

“வாயப் பொத்திக்கொண்டு அந்தப் பம்பைத் தூக்கித் தா!” என்றான் றொஷான்.

எல்லாரும் சிரித்தார்கள். பஸ்தியாம்பிள்ளையும் சிரித்துக்கொண்டேதான் உடைந்த வால்வை வெளிச்சத்தில் திருப்பினார்.

சிரிப்பு நின்றது.

உடைந்த முகம் இளஞ்சிவப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினார். பொடியாக உதிர்ந்தது. வெண்கலம் நூறு வருடம் உப்பில் கிடந்தாலும் இப்படி உதிராது. சாம்பல் பெயின்ற்றைக் கத்தியால் வழித்தார். பழைய வால்வில் இங்கிலாந்து எழுத்துப் பொறித்திருந்தது அவருக்கு நன்றாக ஞாபகம். ஒவ்வொன்றும் ஒரு முற்றிய தேங்காய்ப் பாரம். இதில் எழுத்தும் இல்லை, பாரமும் இல்லை.

“இது பித்தளை. வீட்டுக் குசினிப் பைப்புக்குப் பூட்டுறது.”

அவர் குனிந்து மற்ற இரண்டு வால்வுகளின் பெயின்ற்றையும் சுரண்டினார். அதுவும் பித்தளை. இதுவும் பித்தளை.

“ஜமால், எங்கட வெண்கல வால்வு மூண்டும் எங்க?”

ஜமால்தீன் ஈரத் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உம்மைத்தான் கேக்கிறன். கழட்டினது ஆர்?”

“நான்தான் அண்ணன்.”

“எப்ப?”

“அப்ப. படகு கரையில கிடக்கக்குள்ள.”

“நான் ஆஸ்பத்திரியில கிடக்கேக்கயா?”

“ஓம்.”

“இப்ப எங்க அது?”

“இல்ல. குடுத்திட்டன்.”

ஜெட்டியில் யாரோ மெதுவாக விசிலடித்தார்கள். அந்த விசில்தான் பஸ்தியாம்பிள்ளையின் தலைக்குள் ஏறியது. மரியாதை ‘நீர்’ போய் ‘நீ’ வந்தது.

“நான் சாகக் கிடக்கேக்க என்ர படகைக் கழட்டி வித்தனியாடா? அந்த ஓட்டைப் பித்தளைக்குப் பெயின்ற் அடிச்சுப்போட்டு, மூண்டு வருஷம் என்ர வீட்டில சோறு திண்டனியா? கள்ளன்!”

“அப்பா!” என்றான் றொஷான்.

“நீ பேசாத! எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ. கள்ளன்! நடுக்கடலில எங்கள மூழ்கடிக்கப் பாத்த கள்ளன்!”

ஜமால்தீன் மேலே நின்ற முகங்களை அண்ணாந்து பார்த்தார். ஸ்பானர்களைத் துடைத்து, அளவு வரிசைப்படி சாக்குத் துணியில் சுருட்டி, கக்கத்தில் வைத்தார். ஏணியில் கால் வைத்தவர் திரும்பினார்.

“கிழங்கு ரெண்டு நாளைக்கு நிக்கும் அண்ணன். பிறகு அழுகிரும். மத்த ரெண்டையும் தொடாதங்க.”

அவ்வளவுதான். கூட்டம் விலகி வழி விட்டது. ஸப்வான் மட்டும் வலையில் குனிந்தபடியே இருந்தான். அவன் ஒரு பகிடியும் விடவில்லை.

வீட்டில் ஞானமலர் அரிசிமா வறுத்துக்கொண்டிருந்தாள். பாலையூற்றுச் சந்துக்கே வாசம் அடித்தது. மேசையில் பயணத்துச் சாமான்கள்: டின்னில் கருவாடு, போத்தலில் மாங்காய் ஊறுகாய், எள்ளுப்பாகு. கதிரையின் மேல், அவள் தன் தையல் மெஷினில் இரண்டு ஊசி முறித்து ஒட்டுப்போட்ட சின்னப் பாய் மடித்துக் கிடந்தது.

“ஜமால் எங்க? அவருக்கும் சேர்த்துத்தான் சூடை மீன் காய்ச்சினனான்.”

“அவன் இனி வரமாட்டான்.”

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு துண்டாக. ஞானமலர் அகப்பையைச் சட்டியிலேயே வைத்துவிட்டு நின்றாள். மா கருகத் தொடங்கியது. இருவரும் கவனிக்கவில்லை.

“அவரே ஓம் எண்டவரோ?”

“வாயால சொன்னவன். றொஷானைக் கேள். ஸப்வானைக் கேள். ஜெட்டிச் சனம் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிண்டது.”

“ஏன் எண்டு கேட்டனீங்களோ?”

“என்ன?”

“ஏன் கழட்டினனீர் எண்டு ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?”

“களவெடுத்தவனிட்ட ஏன் எண்டு கேக்கிறதோ?”

“நான் ஒரு கோப்பை உடைச்சா, ஏன் உடைஞ்சது, எப்பிடி உடைஞ்சது, எந்தக் கையால பிடிச்சனி எண்டு பத்துத்தரம் கேப்பீங்கள். முப்பது வருஷம் பழகின மனிசனிட்ட ஒருக்காக் கேக்க ஏலாமப் போச்சோ?”

“உனக்கு வால்வைப் பற்றி என்ன தெரியும்?”

“எனக்கு வால்வைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஜமாலைத் தெரியும்.”

அப்போதுதான் கருகல் மணம் அவளை எட்டியது. “ஐயோ என்ர மா!” என்று சட்டியை இறக்கினாள். இரண்டு கொத்து அரிசிமா, அடியெல்லாம் கறுப்பு. அவள் அதைக் கொட்டவில்லை. கருகாததைப் பிரித்தெடுப்பதுபோல் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். பஸ்தியாம்பிள்ளை கை கழுவ எழுந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு சூடை மீன் சட்டியில் மிஞ்சிக் கிடந்தது. அதை அவர் பார்த்தார். பார்த்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டார்.

புதன்கிழமை காலை கிழங்கைச் சுற்றித் தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருதரம் பம்ப் அடிக்க வேண்டியிருந்தது. றொஷான் வாங்கி வந்த மரத்தக்கையைச் செதுக்கிப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார்கள். ஆனால் கிழங்கைப் பிடுங்க இருவருக்கும் துணிவு வரவில்லை.

“வேற மெக்கானிக்?”

“கேட்டனான் அப்பா. ‘ஜமால் நானா செய்த எஞ்சினில நான் கை வைக்கமாட்டன்’ எண்டுட்டார். நேத்து நடந்த கதை அங்கயும் போயிட்டு.”

“போகட்டும்.”

“நீங்கள் சனத்துக்கு முன்னால அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது.”

“நீ ஆற்ற பக்கமடா?”

“படகுப் பக்கம்,” என்றான் றொஷான். பம்பை அடித்துக்கொண்டே சொன்னான். “நாளைக்கு இது போகாது. உங்களுக்கும் தெரியும்.”

பஸ்தியாம்பிள்ளைக்குத் தெரியும். பதில் சொல்லாமல் ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு எஞ்சின் பெட்டிக்குள் தலையை விட்டார். ஆறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. களவு இன்னும் எதில் எதில் நடந்திருக்கிறதென்று கண்டுபிடித்துவிட வேண்டும். அப்படிக் கண்டுபிடித்தால் நெஞ்சில் நேற்றிலிருந்து கிடக்கும் அந்தக் கல் கொஞ்சம் அசையும்.

ஒரு களவும் இல்லை.

எஞ்சின் அடியில் எண்ணெய் கசிந்த தடம்கூட இல்லை. ஒவ்வொரு நட்டின் மேலும், நட்டையும் தகட்டையும் சேர்த்து வெள்ளைப் பெயின்ற்றில் ஒரு கோடு. அது ஜமால்தீனின் கைப்பழக்கம். இறுக்கி முடித்து, திருப்தியானால்தான் கோடு இழுப்பார். நட்டு ஒரு மயிரளவு தளர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் அடியில் வெள்ளைக் கோடு. சுக்கான் தண்டில் வெள்ளைக் கோடு. குடிதண்ணீர்த் தாங்கியின் வளையத்தில்கூட. எண்ணிக்கொண்டே போனவர் அறுபதுக்கு மேல் விட்டுவிட்டார்.

அந்த மூன்று வால்வுக்கு வந்தார். ரோர்ச்சைக் கிட்டப் பிடித்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

மூன்றின் நட்டிலும், நேற்றுக் கத்தி படாத இடத்தில்கூட, கோடு இல்லை.

ஏமாற்ற நினைத்தவன் முதல் கோட்டை அங்கேதானே இழுத்திருப்பான்?

“என்னப்பா?” என்றான் றொஷான்.

“ஒண்டுமில்ல. நீ பம்பை விடாத. நான் கிண்ணியாவுக்குப் போட்டு வாறன். அவனிட்ட எங்கட எஞ்சின் பூட்டின்ர திறப்பு ஒண்டு கிடக்கு.”

“திறப்பு இஞ்ச ஆணியில தூங்குதே.”

“அது வேற திறப்பு.”

கிண்ணியா பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தது. பாலத்தில் ஏறியபோது கொட்டியாரக் குடாவின் காற்று உள்ளே புகுந்து சட்டையை ஊதிவிட்டது. நல்ல காற்று. பாய் விரித்திருந்தால் இந்நேரம் வெளிச்சவீட்டைத் தாண்டியிருக்கலாம். அவர் மனசுக்குள் என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தார். முதலில் ஏன் என்று கேட்க வேண்டும். அதற்கு முன், ஜமால் வாரும் என்று கூப்பிட வேண்டும். ‘நீர்’ என்று. அது வாயில் வருமா?

ஜமால்தீனின் மனைவி ஜெஸீமா கோழிகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு முகமெல்லாம் சிரித்தாள்.

“வாங்க அண்ணன், வாங்க! என்ன வெயிலுக்குள்ளால? மலர் அக்கா சுகமா இரிக்காங்களா?”

பஸ்தியாம்பிள்ளை வாசற் படலையிலேயே நின்றுவிட்டார். வசவுக்கு ஆயத்தப்பட்டு வந்தவருக்கு இந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“ஜமால் நிக்கிறாரோ தங்கச்சி?”

“என்ன அண்ணன் பகிடியா? நீங்கதானே அனுப்பி வெச்ச.”

“நானோ?”

“விடியச் சுபஹ் தொழுகையோட எழும்பிப் போயிட்டார். கொழும்பு பஸ் ஏறி, அங்கால காலிக்கு. அண்ணன் அவசரமாப் போகச் சொல்லிட்டார் எண்டு பச்சத்தண்ணியும் குடிக்காமப் போன மனிசன். இரிங்க, தேத்தண்ணி ஊத்துறன்.”

கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவர் விளிம்பில் உட்கார்ந்தார். இந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நேற்றைய சொல்லை ஜமால்தீன் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவரவேயில்லை.

பிளேன்ரீயோடு தட்டில் தொதல் இனிப்பு வந்தது.

“பயணத்துக்கெண்டு கிண்டினது. சாப்பிடுங்க. இனி ஆருக்கு? அவர் வரல்லயாமே.”

“வரல்லயாமோ?”

“முழங்கால் ஏலாதாம். வந்து, சாமானப் பூட்டிக் குடுத்திட்டு நிக்கப்போறாராம். ஆறு வருஷமா இந்த ஊட்டுல அந்தப் பயணத்துக் கதைதான் அண்ணன். பொத்துவில்ல இறங்கி மச்சான்ட ஊட்ட போவன், காலியில கோட்டையப் பாப்பன் எண்டு. நேத்து வந்து குந்திக்கிட்டு முழங்கால் எண்டுறார். அந்த முழங்காலோட காலிக்குப் பஸ்ஸில போக ஏலுமாம். படகில போக ஏலாதாம். நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்க. உங்கட சொல்லெண்டாக் கேப்பார்.”

கடித்த தொதலைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

“காலிக்கு என்ன சாமானுக்கு தங்கச்சி?”

“வால்வுக்குத்தான். மூணும் வெண்கலமாம், அந்த அளவிலேயாம். அங்க ஒராளிட்டச் சொல்லி வெச்சிச் சொல்லி வெச்சி, போன கிழமைதான் வந்திரிக்கி எண்டு போன் வந்த. முதல் சாமானே வாறல்ல, பிறகு வந்தா அளவு இல்ல, எண்டு, அதுவரைக்கும் பித்தளையப் பூட்டி வெச்சிட்டு மூணு வருஷமா அலைஞ்சிட்டார். அதுக்குத்தான் ஒரு கிழமை பிந்துவம் எண்டு உங்கக்கிட்டக் கேட்ட.” அவள் கோப்பையை வாங்க நீட்டிய கையை நிறுத்தினாள். “என்ன அண்ணன், முகம் ஒரு மாதிரிப் போகுது? நெஞ்சு நோகுதா?”

“இல்ல. தங்கச்சி, அந்தப் பழைய வால்வை அவர் ஏன் கழட்டினவர்?”

ஒரு நாள் பிந்திக் கேட்ட கேள்வி. ஜெஸீமா அவரையே பார்த்தாள்.

“யா அல்லாஹ். உங்களுக்கு அவர் சொல்லவேயில்லயா?”

“இல்ல.”

“அண்ணன்ட படகு அண்ணனுக்கு உசிரு, சுகமாகிற வரைக்கும் சொல்லாத எண்டார். நான் நினைச்சன் பிறகாவது சொல்லியிருப்பார் எண்டு.” அவள் நிலத்தில் குந்திக்கொண்டாள். “நீங்க விழுந்த அண்டைக்கு, உடனே கண்டிக்குக் கொண்டு போங்க எண்டாங்க. அம்புலன்ஸ் ரெண்டும் வேற ஆக்களோட போயிட்டு. உங்கட ஆக்கள்ற வான் வாசல்ல நிண்டது, டீசல் இல்ல. நாடே எண்ணெய்க்கு அலைஞ்ச அந்த மாசம் ஆரிட்ட இரிந்த? பெற்றோல் செட்டடியில நாலு நாள் வரிசை. ஆழ்கடல் படகுக்காரர் ஒராளிட்ட மட்டும் ஒரு கான் டீசல் இரிந்த. இவர் என்ட கழுத்துச் சங்கிலியக் கொண்டு போய் நீட்டினார். சங்கிலிய வெச்சி நான் என்ன செய்யிற, வால்வு இல்லாம என்ட படகு கிடக்கு எண்டு சொல்லிட்டாராம் அந்த மனிசன். இவர் ஸ்பானரத் தூக்கிக்கிட்டு ஓடினார். அரை மணித்தியாலத்தில மூணையும் கழட்டிக் குடுத்திட்டு, கானத் தோளில வெச்சிக் கொண்டு வந்த. அந்த டீசல்லதான் அண்ணன் நீங்க கண்டிக்குப் போய்ச் சேந்தீங்க.”